ஒரே வாயு, ரெண்டு வைத்தியம்

அக்கா மகளுக்கு விலாவிலிருந்து வயிறு நோக்கி, மருக்களை வரிசையாக ஒட்டினமாதிரி ஒரு பழுப்புக் கோடு. பிறந்தபோது மங்கலாக இருந்தது. பதினொரு வயசில் தடித்து, பாவாடை நாடா உரசி எரிகிறது. "கிரகணத்தன்னிக்கு நகத்தால கீறியிருப்பே" என்று மாமியார் அன்றைக்குச் சொன்னதை அக்கா இன்னும் நம்புகிறாள்.

அவளுக்காகத் தேடப்போய்த்தான் ஆல்ஃபிரட் பிளாஷ்கோவிடம் வந்து சேர்ந்தேன். பெர்லின் தோல் மருத்துவர். கோடாக வரும் தோல் கோளாறுகளை நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே உடம்பின் மேல் வரைந்து, 1901-ல் வெளியிட்டார். முதுகுத்தண்டருகே ஆங்கில 'வி', விலாப்பக்கம் 'எஸ்'. நரம்போ ரத்தக்குழாயோ போகும் வழி இல்லை இது. கரு வளரும்போது தோல் செல்கள் நகர்ந்த தடம் என்று ஊகித்தார். ஊகம் பலித்தது. கருவில் ஒரு செல்லின் மரபணு மாறுகிறது, அதன் வாரிசுகள் அந்தத் தடத்திலேயே பரவுகின்றன. தாயின் நகத்துக்கு இதில் வேலையே இல்லை.

சரி, வைத்தியம்? 1907-ல் சிகாகோ மருத்துவர் வில்லியம் ஆலன் பியூசி, கரியமில வாயுவைப் பனியாக்கிப் பிறவி மச்சங்களின் மேல் அழுத்தி உறையவைத்தார். 1964-ல் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதே வாயுவைக் கொண்டு லேசர் செய்தார். மருத்துவத்துக்காகச் செய்ததில்லை, ஆனால் இன்று இந்தக் கோட்டை ஆவியாக்குவது பெரும்பாலும் அதுதான்.

சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. மேலாகச் சீவினால் திரும்ப முளைக்கும், ஆழமாகப் போனால் தழும்பு. நம்ம நிறத்துக்கு வெள்ளையாகவோ கறுப்பாகவோ திட்டு விழலாம். அதனால் முதலில் சின்ன இடத்தில் மட்டும் லேசர் வைத்துச் சில மாதம் பார்ப்பார்கள். முழுசாக வெட்டியெடுத்தால் திரும்பி வருவது குறைவு, ஆனால் குட்டிக் கோட்டுக்குத்தான் அது சரிப்படும். ரெட்டினாய்டு களிம்பு தட்டையாக்கும், நிறுத்தினால் பழையபடி.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: லேசருக்கு முன்னால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கணும். ஆவியானபிறகு சோதிக்க எதுவும் மிஞ்சாது. இதில் ஒரு வகைக்குக் கெரட்டின் மரபணு காரணம் என்று 1994-ல் காட்டினார்கள். அந்த மாற்றம் சினைமுட்டையிலோ விந்திலோ இருந்தால், அடுத்த தலைமுறைக் குழந்தைக்கு உடம்பு முழுக்கத் தோல் நோய் வரலாம்.

பிளாஷ்கோவின் படத்தை அக்காவிடம் காட்டினேன். மகளை நிற்கவைத்து, கோட்டோடு கோடு பொருத்திப் பார்த்தாள். அப்புறம், "அத்தைக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு" என்றாள்.