தகரம் இளைத்த கதை

கடையில் வாங்கிய பண்டத்தைச் சாப்பிட உளியும் சுத்தியலும் வேண்டும் என்றால் நாம் என்ன செய்வோம்? கடைக்காரனோடு சண்டைக்குப் போவோம். ஆனால் 1824-ஆம் வருஷம் காப்டன் பாரி வடதுருவக் கடலுக்குக் கப்பல் ஏறியபோது கொண்டுபோன மாமிச டப்பாவில் இந்த யோசனைதான் எழுதியிருந்தது. மேல் விளிம்பை ஒட்டினாற்போல் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டுமாம். அந்த டப்பாக்களில் ஒன்று திறக்கப்படாமலே இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. 1930-களின் இறுதியில் அதைத் திறந்து, உள்ளே இருந்த கன்றின் இறைச்சியை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எலிகள் சௌக்கியமாகவே இருந்தன.

நூறு வருஷத்துக்கு மேல் காவல் காத்த டப்பாவைக் குறை சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அந்தக் காவலுக்கு அத்தனை இரும்பு தேவையே இல்லை.

உணவை அடைத்துக் காக்கும் வித்தையைக் கண்டவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். கண்ணாடிப் புட்டியில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வைத்து எடுத்தார். 1810-இல் பிரெஞ்சு சர்க்கார் அவருக்கு 12,000 பிராங்கு வெகுமதி கொடுத்தது. அதே வருஷம் லண்டனில் பீட்டர் டூரண்ட் என்பவர் தகரப் பாத்திரத்துக்கும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். 1813-க்குள் பெர்மாண்ட்ஸேயில் டாங்கினும் ஹாலும் தொழிற்சாலை வைத்துக் கடற்படைக்கு டப்பாக்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் கைவேலை. இரும்புத் தகட்டுக்கு ஈயம் பூசி, வெட்டி, வளைத்து, பற்றவைத்தார்கள். உணவு ஏன் கெடுகிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பாஸ்டர் வந்து சொல்வதற்கு இன்னும் ஐம்பது வருஷம் கிடந்தது. நடுக்கடலில் டப்பா ஒழுகினால் மாலுமி பட்டினி. காரணம் தெரியாத இடத்தில் மனிதன் கனத்தை நம்பியதில் வியப்பில்லை.

கனம் காப்பாற்றியதா? 1852-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கிடங்கில், ஸ்டீபன் கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரர் கொடுத்த டப்பாக்களைத் திறந்தபோது, பெரும்பாலானவற்றில் அழுகல் நாற்றம் குடலைப் பிடுங்கியது. தகரத்தில் கஞ்சத்தனம் இல்லை. டப்பாவைப் பெரிதாக்கியதால் சூடு நடு மாமிசம் வரை போய்ச் சேரவில்லை. அடுப்பில் செய்த குற்றத்தை இரும்பு என்ன செய்யும்?

பிறகுதான் தகடு மெல்ல மெல்ல இளைத்தது. இளைத்த பிறகுதான் டப்பா திறக்கும் கருவிக்கே வழி பிறந்தது. அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது 1858-இல். பூட்டு பிறந்து நாற்பத்தெட்டு வருஷம் கழித்துச் சாவி பிறந்த அதிசயம் வேறெங்காவது உண்டா?

மெலிந்த தகடு நிற்பது எப்படி? உணவு டப்பாவின் வயிற்றில் சுற்றிச் சுற்றி வரிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் அல்ல. சூடாக மூடிய டப்பா ஆறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று சுவரை உள்ளே அமுக்கப் பார்க்கிறது. தட்டையான தகடு ஒடுங்கிவிடும். நெளிந்த தகடு ஒடுங்காது. கொட்டகைக் கூரைக்கு நெளித்தகடு போடுகிற அதே சூட்சுமந்தான். ஆனால் வரியை அதிகம் ஆழமாக்கினாலும் ஆபத்து. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, அடியில் இருப்பது ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கி உட்கார்ந்துவிடும். பக்கத்துக்குப் பலம் கொடுத்தால் உயரத்துக்குப் பலவீனம். இரண்டுக்கும் நடுவே அளவு பிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

பூச்சிலும் சிக்கனம் வந்தது. அதற்குக் காரணம் யுத்தம். 1942-இல் ஈயம் விளையும் மலாயாவை ஜப்பானியர் பிடித்ததும் நேச நாடுகள் தவித்துப் போயின. உருக்கிய ஈயத்தில் தகட்டை முக்கி எடுப்பதற்குப் பதிலாக மின்சாரத்தால் பூசும் முறை வேகமாகப் பரவியது. பழைய முறைக்குச் செலவான ஈயத்தில் பாதிகூட இதற்கு ஆகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அலுமினியம். 1959 ஜனவரியில் கொலராடோ மாகாணத்தில் கூர்ஸ் கம்பெனியார் முழு அலுமினிய டப்பாவில் பீர் விற்றார்கள். காலி டப்பாவைத் திருப்பித் தந்தால் ஒரு சென்ட் கொடுத்தார்கள். அடியும் சுவரும் ஒரே துண்டு. பின்னர் வந்த முறையில், தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, வரவரக் குறுகும் வளையங்களுக்குள் தள்ளுகிறார்கள். சுவர் மெலிந்துகொண்டே உயர்கிறது. முடிவில் அதன் கனம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! இதற்குள் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தம் வரை அடங்குகிறது; மோட்டார் கார் டயரில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. உள்ளே இருக்கும் வாயுவே சுவரை விறைப்பாக நிறுத்துகிறது. குடித்து முடித்த டப்பாவைக் குழந்தைகூட நசுக்கிவிடும். வாயு இல்லாத பானமானால், மூடுமுன் ஒரு சொட்டுத் திரவ நைட்ரஜன் விடுகிறார்கள்; அது ஆவியாகி அந்த வேலையைச் செய்கிறது. அடிப்புறம் உள்நோக்கிக் குழிந்திருப்பதும் காரணத்தோடுதான். தட்டையாக விட்டால் அழுத்தத்தில் பிதுங்கும். பிதுங்காமலிருக்கக் கனத்த தகடு வேண்டும். வளைவு அந்தக் கனத்தை மிச்சப்படுத்துகிறது.

மூடிதான் கடைசிவரை அடம் பிடித்தது. அது தட்டை, ஆகவே கனமாகத்தான் இருக்க வேண்டும். டப்பாவின் எடையில் கால்பங்கு அதற்கே போயிற்று. மூடியை மெலிய வைக்க முடியாதென்று கண்டவர்கள் டப்பாவின் கழுத்தைச் சுருக்கினார்கள். 68 மில்லிமீட்டர் அளவிலிருந்த மூடி படிப்படியாக 54-க்கு வந்தது. பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். 1970-களில் 19 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்த டப்பா, 1990-களில் 14 கிராம்கூட இல்லை. அப்போது அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்குப் பத்தாயிரம் கோடி டப்பா. மிச்சத்தை நேயர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மூடியில் இருக்கும் இழுப்பு வளையம் எர்மல் பிரேஸ் என்ற ஒஹாயோக்காரரின் யுக்தி. அதைப் பொருத்தத் தனி ஆணி கிடையாது. மூடியின் உலோகத்தையே குமிழாக எழுப்பி ஆணியாக்கிவிட்டார். 1963-இல் காப்புரிமை கிடைத்தது. இழுத்தால் வளையம் கையோடு வந்துவிடும். ஜனங்கள் அதைக் கடற்கரை மணலில் எறிந்தார்கள். வெறுங்காலோடு நடந்தவர்கள் காலைக் கிழித்துக்கொண்டார்கள். 1975-இல் டேனியல் குட்ஸிக் என்பவர் செய்த வளையம் திறந்த பிறகும் மூடியிலேயே தங்கியது. அன்று முதல் அந்தச் சிறு துண்டும் டப்பாவோடு சேர்ந்தே உருக்குலைக்குத் திரும்புகிறது.