சார்னாக் என்னும் குடிப்பெயரும் பெஹாலாவின் பத்திரமும்

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியான பெஹாலாவில், பரிஷா என்னும் இடத்தில், சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரின் ஆட்சாலா மண்டபம் உள்ளது. 1610 முதல் அங்குத் துர்கா பூசை நடந்து வருவதாகக் குடும்ப மரபு கூறும். 1698 நவம்பர் 10 அன்று, சுதாநுதி, கலிகாத்தா, கோவிந்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் வரி வசூல் உரிமையை 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தவர்கள் இக்குடும்பத்தாரே. கம்பெனியின் சார்பில் உரிமை பெற்றவர் சார்லஸ் அயர். நகரை நிறுவியவர் என்று பள்ளிப் பாடங்கள் போற்றிய ஜாப் சார்னாக், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார். அயர் அவருடைய மருமகன்.

சார்னாக் என்பது இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்து ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த குடிப்பெயர். சார்னாக் ரிச்சர்ட் என்னும் சிற்றூர் இன்றும் அங்குள்ளது. இப்பெயர் தாங்கியோர் ஒரே வழியில் சென்றவர்கள் அல்லர். ஜான் சார்னாக், முதலாம் எலிசபெத் அரசியைக் கொல்லத் திட்டமிட்ட பாபிங்டன் சதியில் சிக்கி 1586இல் தூக்கிலிடப்பட்டார். ஸ்டீபன் சார்னாக் (1628–1680) தூய்மைவாதச் சமயப் பேரறிஞர். ராபர்ட் சார்னாக், மூன்றாம் வில்லியம் மன்னருக்கு எதிரான சதிக்காக 1696இல் மரண தண்டனை பெற்றார். பிற்காலத்துச் சார்னாக் குடும்பத்தினர் ரஷ்யாவில் பஞ்சாலைகளை நிர்வகித்து, அங்குக் கால்பந்தை வேரூன்றச் செய்தனர்.

ஜாப் சார்னாக்குக்குத் தமிழகத் தொடர்பும் உண்டு. இந்தியத் தாய்க்குப் பிறந்த அவருடைய மூன்று பெண்மக்கள், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் 1689 ஆகஸ்டில் ஞானஸ்நானம் பெற்றனர். மூத்தவளான மேரியே அயரை மணந்தவள். மறு ஆண்டு, 1690 ஆகஸ்ட் 24 அன்று, சார்னாக் சுதாநுதியில் கரையிறங்கினார். அந்நாளே பின்னர் நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்டது.

கலிகாத்தா என்னும் பெயரோ அக்பர் காலத்து ஐன்-இ-அக்பரியிலேயே காணப்படுகிறது. சுதாநுதி நூல் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சந்தை. மக்கள் வாழ்ந்த ஊர்களுக்கு ஒரு வணிகரின் வருகை எவ்வாறு பிறப்பாகும்? சாபர்ண குடும்பத்தாரின் அமைப்பு இவ்வினாவை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. வரலாற்றறிஞர் குழுவின் அறிக்கையை ஏற்ற கல்கத்தா உயர் நீதிமன்றம், நகரை நிறுவியவர் சார்னாக் அல்லர் என்றும், அதற்குக் குறிப்பிட்ட பிறந்தநாள் இல்லை என்றும் 2003 மே மாதத்தில் தீர்ப்பளித்தது.

பட்டம் நீங்கினாலும் பெயர் நீங்கவில்லை. கொல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அப்பாறை வகைக்கு ‘சார்னாக்கைட்’ எனப் பெயரிட்டார். சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறையும் அவ்வினத்ததே. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான தமிழ் மண்ணின் கல், வங்காளத்தில் புதைந்த ஓர் ஆங்கிலேயரின் பெயரைச் சுமக்கிறது. ஊரானாலும் பாறையானாலும், பெயர் சூட்டப்பட்ட நாள் வேறு, பிறந்த நாள் வேறு என்பதைப் பெஹாலாவின் பத்திரமும் பரங்கிமலையின் பாறையும் ஒருசேர உணர்த்துகின்றன.