செறியெயிறும் பற்சந்தும்

மகளிர் அழகைப் பாடும் பழந்தமிழ்ப் புலவர் எயிற்றைப் பாடாது விடுத்தல் அரிது. முல்லையரும்பு, முத்து, மயிலிறகின் அடியாகிய முருந்து என்பன அவர் எடுத்தாளும் உவமைகள். மூன்றும் வெண்மை பற்றியன. எனினும் அரும்பும் முருந்தும் கூர்மையையும், முத்து கோவையின் ஒழுங்கையும் உடன் உணர்த்தும். முன்பற்கள் இரண்டன் இடையே அமையும் சந்தினை நூலோர் எவ்வாறு மதித்தனர், மக்கள் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் தலைவியைச் செறியெயிற்றினள் என்கிறார். செறிவாவது நெருக்கம்; பற்களிடையே சந்தின்மையே ஆண்டு அழகாயிற்று. அப்பாட்டின் முதற்சொல் 'கொங்கு' என்பதாம். அது பூந்தாதினைக் குறித்ததேயன்றி நாட்டைக் குறித்ததன்று. ஆதலின் கொங்கு நாட்டார் அதற்கு உரிமை கொண்டாட இடமில்லை.

வடநூலார் கொள்கையும் இதுவே. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் நெருங்கிய, சமமான பற்களை நன்மைக்குரியன என்கிறார். பாலி மொழியிலுள்ள தீக நிகாயம் பெருமகனுக்குரிய 32 இலக்கணங்களுள் இடைவெளியற்ற பற்களையும் ஒன்றாக எண்ணுகிறது. இங்கே ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. இறையனார் கூறியது அழகு. இவ்விரு நூல்களும் கூறுவன வரும் பயனைக் காட்டும் குறிகள்.

பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தினர் எனப்படும் பவணந்தியாரோ நன்னூலில் பல்லை எழுத்துப் பிறக்கும் இடமாக மட்டுமே கண்டார். மேற்பல் கீழிதழைப் பொருந்த வகரம் பிறக்கும் என்றாரேயன்றி, அப்பல் செறிந்ததா விலகியதா என்று அவர் கேட்டிலர்.

நாட்டு வழக்கின் தீர்ப்பு முற்றிலும் வேறு. கோவை, ஈரோட்டுப் பக்கங்களிலும் பிற தமிழ் மாவட்டங்களிலும் முன்பல்லில் சந்துடையாரை அதிர்ஷ்டசாலி என்று கூறும் வழக்கு உண்டு. தெற்றுப்பல்லை அழகென்பார் உளர். பற்சந்தையோ பெரும்பாலும் பேறு என்றே கூறுவர். ஆகவே மக்கள் புலவரை மறுத்திலர், குறிநூலாரையே மறுத்தனர். அவர் முறையையே கைக்கொண்டு, பயனை மட்டும் தலைகீழாக்கினர் எனல் பொருந்தும். மணம் பேசும் வீட்டில் இம்மாறுபாடு வெறும் ஏட்டளவில் நிற்பதில்லை. ஒருத்தியின் வாயைப் பார்த்து ஒருவர் குறையென்பார். மற்றொருவர் வீடு தழைக்க வந்தவள் என்பார். இரண்டிற்கும் அவள் பொறுப்பாளியல்லள்.

பிறநாட்டு வழக்கும் ஒருதன்மைத்தன்று. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் காண்டர்பரிக் கதைகளில், பன்முறை மணந்தவளும் பல நாடு சுற்றியவளுமான ஒருத்திக்குப் பற்சந்தினை அடையாளமாக்கினார். பிரெஞ்சு மக்கள் இத்தகைய பற்களை 'இன்பப் பற்கள்' என்கின்றனர். நைசீரியாவிலோ அது பேறு மட்டுமன்று, அழகேயாம். இயற்கையில் அமையாதார் மருத்துவரைக் கொண்டு செயற்கையாக அமைத்துக்கொள்வதும் உண்டு.

மேலுதட்டையும் ஈற்றையும் பிணைக்கும் தசைநார் தடித்திருத்தல், தாடைக்குப் பல் சிறுத்திருத்தல் முதலியன இச்சந்திற்குக் காரணமாம் என்பர் பல் மருத்துவர். சிறார்க்கு நிலைப்பல் முளைக்கும் பருவத்தில் இது இயல்பு. ஏறத்தாழ 12 வயதில் மேற்கோரைப்பற்கள் இறங்கி நெருக்கப் பலர்க்கும் தானே மூடிவிடும். எட்டு வயதில் பேறுடையாள் எனப் பாட்டியார் கொண்டாடிய சிறுமி, பதின்மூன்றாம் வயதில் இறையனார் பாடிய செறியெயிற்றினளாகி நிற்பதும் உண்டு.