ஈரிக் கால்வாயின் மூடிய மாதங்கள்

கால்வாய்களின் வரலாற்றை எழுதுவோர் அவை வெட்டப்பட்ட கதையை விரித்துரைப்பர். திறப்பு விழாவைச் சொல்வர். ஓடிய தோணிகளின் தொகையையும் கணக்கிட்டுத் தருவர். தோணிகள் ஓடாமற் கிடந்த மாதங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நேயர்களே, அமெரிக்காவின் ஈரிக் கால்வாயைப் பொறுத்தவரை அந்த ஓடாத மாதங்களே அதன் தலைவிதியை எழுதின என்பது என் எண்ணம்.

நியூயோர்க் மாநிலத்திலே, ஹட்சன் நதிக்கரையிலுள்ள அல்பனியிலிருந்து ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ வரை 363 மைல் நீளத்துக்கு வெட்டப்பட்ட இக்கால்வாய் 1825 ஒக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அகலம் 40 அடி, ஆழம் 4 அடி. தோணிகளைப் படிப்படியாக ஏற்றி இறக்க 83 பூட்டுமடைகள். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கரையிலே நடந்து கயிற்றால் இழுக்க, தோணிகள் மெல்ல நகர்ந்தன. பஃபலோவிலிருந்து நியூயோர்க் நகருக்கு ஒரு தொன் சரக்கை அனுப்ப முன்னர் ஏறத்தாழ 100 டொலர் சென்றது. அது 10 டொலருக்கும் கீழே வந்தது. கோதுமையும் மரமும் கிழக்கே வந்தன; குடியேறுவோர் மேற்கே போயினர்.

ஆனால் டிசெம்பர் பிறந்ததும் நீர் உறையத் தொடங்கும். அதன்பின் ஏப்ரல் வரை போக்குவரத்து இல்லை. கால்வாயின் பெரும்பகுதியில் நீரை வடித்துவிடுவர். சேறு அள்ளுவதும், பூட்டுமடைக் கதவுகளைச் செப்பனிடுவதும், நீரெலிகள் துளைத்த கரைகளைக் களிமண் இட்டு இறுக்குவதும் அப்போதுதான் நடைபெறும்.

தோணிகளின் பாடு இன்னும் சிக்கலானது. நீரில் விட்டால் பனிக்கட்டி பக்கப்பலகைகளை நெரித்துவிடும். வடிந்த கால்வாயின் தரையிலே விட்டால், சமமில்லாத நிலத்திற் கிடந்து நடுவுடல் வளையும். மரம் காய்ந்து பலகைக்கும் பலகைக்கும் இடையே வாய் பிளக்கும். மரக்கலம் நனைந்திருக்கும் வரைதான் இறுகியிருக்கும். ஆகவே வசதியுள்ள உரிமையாளர் பருவம் முடியுமுன்பே உலர்துறைக்கு இடம் பிடித்துக் கொள்வர். உலர்துறை என்பது கால்வாயின் ஓரத்திலே வெட்டப்பட்ட ஒரு பெருந்தொட்டி. தோணியை உள்ளே மிதக்க விட்டு, வாயிலை அடைத்து, நீரைத் தாழ்வான ஓடையொன்றுக்கு வடித்துவிட்டால், குறுக்கே இட்ட உத்தரங்களின் மேலே தோணி மெல்ல அமர்ந்துவிடும். அடிப்பாகத்தின் கீழே ஆள் புகுந்து வேலை செய்யலாம். சிற்றெனாங்கோ என்ற ஊரில் இத்தகைய மூன்று தொட்டிகள் கொண்ட உலர்துறையை அகழ்ந்தெடுத்து இன்று நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள்.

அங்கே நடந்த வேலைக்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு. பலகை இடுக்குகளை நாரும் கீலும் இட்டு அடைப்பதைக் 'கலப்பற்று' என்று நம் அகராதிகள் சொல்கின்றன. அரபு மொழியிலிருந்து கடல் வழியே வந்த சொல் அது. ஆயினும் செவிக்கு நம் சொல்லாகவே ஒலிக்கின்றது. ஈரிக் கரையிலும் இதுவே முறை. பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் தாரில் தோய்த்துத் திரிப்பர். மழுங்கிய உளியை இடுக்கிலே வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து அடித்து இறக்குவர். மேலே காய்ச்சிய கீலை ஊற்றுவர். உக்கிய பலகையைக் கழற்றிப் புதியதை ஆவியிலே வேகவைத்து வளைத்துப் பொருத்துவதும் உண்டு. குளிரிலே கீல் விரைந்து இறுகிவிடுமாதலால் நெருப்பு அணையவிடார்.

உலர்துறை கிடைக்காத குடும்பங்கள் பல, பனி விழுமுன் ஹட்சன் வழியே நியூயோர்க் துறைமுகத்துக்கு இறங்கின. உப்புநீர் எளிதில் உறையாது. கோயென்ரீஸ் சிலிப் என்ற துறையிலே தோணிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கட்டிக் கிடந்தன. தோணியிலேயே அடுப்பு, தோணியிலேயே படுக்கை. கோடை முழுதும் ஓரிடத்தில் நில்லாத பிள்ளைகள் அந்தச் சில மாதங்களே பள்ளிக்கூடம் போயினர்.

இழுவை விலங்குகளை நடத்திய சிறுவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர்களிலே அநாதைகள் பலர். சம்பளத்தைப் பருவ முடிவில் தருவதாகச் சொல்லிவிட்டு, முடிவு வந்ததும் ஏமாற்றித் துரத்திய தோணித் தலைவர்களைப் பற்றி அக்காலச் சமய ஊழியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கோவேறு கழுதையைக் குளிர்காலத்திலே பண்ணையில் விட்டு வைக்கோல் போட்டனர். அதை நடத்திய பையனுக்குப் போக்கிடமில்லை.

இனிப் புகையிரதத்துக்கு வருவோம். கால்வாய் அரசின் சொத்து. அதன் சுங்கம் அரசின் வருமானம். எனவே கால்வாயை ஒட்டிச் சென்ற யூற்றிக்கா - ஸ்கெனெக்ரடி புகையிரதப் பாதைக்கு 1833இல் உரிமம் வழங்கியபோது, ஆட்களை ஏற்றலாம், சரக்கு ஏற்றக்கூடாது என்று சட்டசபை கட்டளையிட்டது. ஆனால் கால்வாய் மூடிய பின் வணிகன் என்ன செய்வான்? அவனுடைய கோதுமை ஏப்ரல் வரை களஞ்சியத்திற் கிடக்க வேண்டுமா? முறைப்பாடு வலுத்தது. 1844இல் ஒரு சிறு விலக்கு அளிக்கப்பட்டது: கால்வாய் மூடியிருக்கும் மாதங்களில் மட்டும் புகையிரதம் சரக்கு ஏற்றலாம்; கால்வாய்ச் சுங்கத்துக்கு ஈடான பணத்தை மட்டும் அரசுக்குக் கட்டிவிட வேண்டும்.

தோணிகள் பழுது பார்க்கக் கிடந்த அந்த இடைவெளியிலேதான் எதிரி நுழைந்தான். 1847இல் ஆண்டு முழுவதும் சரக்கேற்ற அனுமதி. 1851இல் சுங்கமும் நீக்கப்பட்டது. 1853இல் பத்துப் புகையிரதக் கம்பனிகள் ஒன்றிணைந்து நியூயோர்க் சென்ட்ரல் ஆயின. கால்வாய் உடனே சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனை 70 அடி அகலமும் 7 அடி ஆழமுமாகப் பெருப்பிக்கும் வேலை 1862இல் முடிந்தது. 240 தொன் வரை ஏற்றும் தோணிகள் ஓடின. சரக்கின் அளவு 1880இலேதான் உச்சத்தைத் தொட்டது. 1882இல் கால்வாய்ச் சுங்கத்தை அரசு முற்றாகவே கைவிட்டது. ஆனால் எல்லா மாதங்களிலும் ஓடும் வண்டியோடு ஏழெட்டு மாதம் ஓடும் தோணி எத்தனை காலம் போட்டியிடும்?

1918இல் பழைய கால்வாய்க்குப் பதிலாக இயந்திரப் படகுகளுக்கென ஆழமான புதிய கால்வாய் திறக்கப்பட்டது. இரும்பு மிதவைகள் வந்தன. கொட்டாப்புளி ஓசை ஓய்ந்தது. இப்போது சரக்கு மிகக் குறைவு. உல்லாசப் படகுகளே பெரும்பாலும் செல்கின்றன. அந்தக் கால்வாயும் குளிர்காலத்தில் மூடப்படுகின்றது. லயன்ஸ் என்ற ஊரிலே அரசின் இழுவைப் படகுகளும் மிதவைகளும் இலையுதிர்காலத்தில் உலர்துறைக்குள் நுழைகின்றன. வாயிலை அடைத்து நீரை வடிக்கிறார்கள். மரக்கட்டைகளின் மேலே அவை அமர்ந்ததும், துருச் சுரண்டும் வேலை தொடங்குகின்றது.