பேறுகாலமும் கூலியும்

1997ல் நாமக்கல் தனியாகப் பிரியும்வரை ஒரே மாவட்டமாயிருந்த சேலம் சமவெளியில் பேறுகால வரலாற்றை ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்க முடியாது. கடலைக்காட்டிலிருந்தும் மரவள்ளிக் காட்டிலிருந்தும்தான் தொடங்கணும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போறது தமிழ்ப் பண்பாடு என்கிறார்கள். நெலம் இருக்கிற வீட்டுக்கு அது சரி. அருந்ததியர் தெருவில் தாய்வீடும் கூலி வீடுதான். மக வந்து படுத்தா, பாத்துக்கிற அம்மாவும் வேலைக்குப் போக முடியாது. போற கூலி ஒண்ணு ரெண்டாகும். அதனாலதான் நிறைமாசம் வரைக்கும் களை வெட்டினார்கள், கிழங்கு உரித்தார்கள். மூத்த பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டுட்டுக் கைப்பிள்ளையைத் தூக்கினாள். குடும்பம் அனுசரித்துப் போவது என்பதற்கு இங்கே அர்த்தம் இதுதான்.

கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார். இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். 'வெயிட்டு தூக்காதம்மா, ரெஸ்ட் எடு' என்கிறார். சொல்றது சரிதான். அந்த ரெஸ்டுக்குக் கூலி யார் தர்றது?

1961ல் வந்த பேறுகாலப் பயன் சட்டம் ஆலை, சுரங்கம், தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. 2017ல் அது 26 வாரமாச்சு. அடுத்தவன் காட்டில் தினக்கூலிக்குக் குனிகிறவள் அதில் இல்லை. அவளுக்கு முதலாளி யாருன்னே சட்டம் கேக்கல.

அவள் இழக்கிற கூலியை அரசு கணக்கில் எடுத்தது 1987ல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேறுகால நிதியுதவித் திட்டத்தில். அது 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் 18,000 ரூபாய் என்று உயர்ந்தது. பெரிய காரியம்தான், மறுக்கல. ஆனால் ஆலைக்காரிக்கு உரிமையாகக் கிடைத்தது காட்டுக்காரிக்கு உதவியாகத்தான் வந்தது. உதவிக்கு மனுப் போடணும், தவணைக்குக் காத்திருக்கணும். விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் பேறுகாலக் கூலி உரிமைதான் என்று கேட்பது இன்னும் மிச்சமிருக்கு.