முக்காலே மூன்று வீசம்

நம் பேச்சு வழக்கில் 'முக்காலே மூணு வீசம்' என்றொரு தொடர் உண்டு. ஒரு செயல் பெரும்பாலும் முடிந்துவிட்டது, சிறிதே எஞ்சியுள்ளது என்பதைக் குறிக்க நம் பெற்றோரும் பாட்டன்மாரும் இதனை எடுத்தாண்டனர். தொடரின் கருத்தை அறிந்தவர் இன்றும் பலர். ஆயினும் அதனுள்ளே ஒரு கூட்டற்கணக்கு அடங்கியிருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நானும் எண்ணிப் பார்த்தவனல்லன். ஐந்தாம் வகுப்புப் பயிலும் என் மகள் செய்த பிழையொன்றே என்னை அவ்வாறு எண்ண வைத்தது.

பின்னங்களைக் கூட்டும் பயிற்சி அது. 3/8-உடன் 2/8-ஐக் கூட்டுக என்று கணக்கு. குழந்தை 5/16 என எழுதியிருந்தாள். கேட்டபோது, "மேலே இருப்பதையும் கூட்டினேன், கீழே இருப்பதையும் கூட்டினேன், அப்பா" என்றாள். பகுதி ஒன்றாக இருந்தால் தொகுதியை மட்டுமே கூட்டவேண்டும் என்று விதியைச் சொன்னேன். "ஏன்?" என்றாள். விதியைத் திரும்பச் சொல்வதன்றி வேறு விடை என்னிடம் இல்லை.

தஞ்சை மாவட்டத்திலிருந்து எங்களுடன் சில மாதங்கள் தங்கிச்செல்லத் தில்லிக்கு வந்திருந்த என் தாயார், அவரைக்காய் நறுக்கிக்கொண்டே இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தந்தையார் கிராமக் கணக்கு எழுதியவர்.

"எட்டுல ஒண்ணுன்னா அரைக்கால். உன்கிட்ட மூணு அரைக்கால் இருக்கு. இன்னும் ரெண்டு அரைக்கால் தர்றேன். எத்தனை அரைக்கால் ஆச்சு?"

"அஞ்சு அரைக்கால், பாட்டி."

"அப்புறம் ஏன் கண்ணு அஞ்சு வீசம்னு எழுதியிருக்கே? பதினாறுல ஒண்ணுக்குப் பேரு வீசமாச்சே! ரெண்டு வீசம் சேர்ந்தாத்தான் ஒரு அரைக்கால். முதல்லயே உன் கையில ஆறு வீசம் இருந்தது. நான் மேல நாலு வீசம் கொடுத்தும் அஞ்சாக் குறைஞ்சு போச்சா?"

குழந்தை சிரித்துவிட்டாள். 5/16-ஐ அடித்துவிட்டு 5/8 என்று எழுதினாள். அவளை மறித்து நின்ற 'ஏன்' அத்துடன் தீர்ந்தது. எனக்கோ அன்றுதான் அது தொடங்கிற்று.

பகுதி என்பது பெயர்

பின்னத்தின் கீழே நிற்கும் எண் உண்மையில் கூட்டுதற்குரிய எண் அன்று. அது பங்கின் பெயர். மேலே நிற்பதே எண்ணிக்கை. ஆங்கிலத்தில் பகுதியைக் குறிக்கும் 'டினாமினேட்டர்' என்னும் சொல்லின் இலத்தீன் வேர்ப்பொருளும் 'பெயரிடுவது' என்பதே. 3/8 என்று எழுதும்போது பெயரும் எண்ணின் வேடம் பூண்டுவிடுகிறது. அதனால் குழந்தை இரண்டையும் ஒருங்கே கூட்டுகிறது. 'மூன்று அரைக்கால்' என்னும்போது அத்தகைய மயக்கத்திற்கு இடமில்லை. மூன்று மாம்பழமும் இரண்டு மாம்பழமும் ஐந்து மாம்பழமே ஆவது போல, மூன்று அரைக்காலும் இரண்டு அரைக்காலும் ஐந்து அரைக்காலே ஆகும்.

நம் முன்னோர் ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளைக் 'கீழ்வாய் இலக்கம்' என்றனர். அவற்றுள் ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு முழுமையை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி. நான்கு முந்திரி காணி. எட்டு முந்திரி அரைமா. பதினாறு முந்திரி மா. இருபது முந்திரி மாகாணி, அதுவே வீசம். நாற்பது அரைக்கால், எண்பது கால், நூற்று அறுபது அரை, இருநூற்று நாற்பது முக்கால்.

'மாகாணி' என்னும் பெயரைப் பிரித்துப் பாருங்கள். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. மா என்பது 1/20, காணி என்பது 1/80. இக்காலப் பள்ளிக் குழந்தைக்கு இது பகுதிகள் வேறுபட்ட கணக்கு. எண்சுவடி பயின்ற சிறுவனுக்கோ பதினாறு முந்திரியும் நான்கு முந்திரியும் சேர்ந்து இருபது முந்திரி, அவ்வளவே. எல்லாப் பின்னங்களுக்கும் முந்திரி என்னும் ஒரே பகுதியை அமைத்துவிட்டமையால், பின்னக் கூட்டல் முழு எண் கூட்டலாகவே ஆகிவிட்டது.

'முக்காலே மூணு வீசம்' என்னும் தொடரும் இத்தகையதே. முக்கால் என்பது பன்னிரண்டு வீசம். அதனுடன் மூன்று வீசம் சேரப் பதினைந்து வீசம். முழுமைக்குக் குறைவது ஒரே வீசம்.

கல்லிலும் சுவடியிலும்

இது வெறும் பள்ளிப் பயிற்சியாக இருந்ததன்று. 1010-இல் முதலாம் இராசராசன் எடுத்து முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், நிலங்கள் வேலி, மா, காணி, முந்திரி என்று அளந்து குறிக்கப்பட்டுள்ளன. முந்திரியையும் மீண்டும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி எனக் கொண்டு அதற்கும் கீழே சென்றனர். இருபது மா ஒரு வேலியாதலின், உழவனுக்கு மா என்பது தாளில் எழுதும் பின்னமன்று. காலால் நடந்து பார்த்த வயல்.

இக்கணக்கை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடித்த சிறுவர்கள், எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் முதலியவற்றை உரக்க ஓதி மனத்தில் இருத்தினர். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் தொகுத்த கணக்கின்படி, அன்றைய சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர்.

எனினும் பழமையைப் போற்றும் ஆர்வத்தில் அதன் குறைகளை மறைத்தல் தகாது. அத்திண்ணைகளில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே அமர்ந்தனர்; ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. பிரம்பின் துணையின்றிக் கணக்கு ஏறியதுமில்லை. கணித நோக்கிலும் ஒரு குறையுண்டு. 320-ஐ மூன்றாலோ ஏழாலோ மீதியின்றி வகுக்க இயலாது. ஆகவே மூன்றில் ஒன்றுக்கும் ஏழில் இரண்டுக்கும் முந்திரிக் கணக்கில் சரியான இடம் இல்லை.

அக்குறையைத் தீர்க்கும் வழியும் இந்நாட்டிலேயே தோன்றியது. 9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீராசாரியர், 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலில், வேறுபட்ட பகுதிகளுக்கெல்லாம் பொதுவான மீச்சிறு மடங்கை 'நிருத்தம்' எனப் பெயரிட்டு, அதனைக் கொண்டு பின்னங்களைக் கூட்டும் முறையை வகுத்தார். இந்நூலை அரங்காசாரியர் 1912-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தார். எந்தப் பின்னமாயினும் அதற்கேற்ற பொதுப் பங்கை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பயன். நம் குழந்தைகள் இன்று பயில்வது இம்முறையையே. ஆகவே புதுமுறையைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்புவோம் என்று நான் கூறவில்லை.

பெயர்கள் மறைந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய பாடப்புத்தகங்களும் அரசு மானியமும் வந்தபோது திண்ணைப் பள்ளிகள் தளர்ந்தன. எண்சுவடியும் உடன் தளர்ந்தது. ஆயினும் கடைத்தெரு அதனை முற்றிலும் கைவிடவில்லை. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்தவரை, ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசமே. மூன்றணாவும் ஐந்தணாவும் எட்டணா என்பதில் எந்தச் சிறுவனும் தடுமாறியதில்லை. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தது. 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் படிப்படியாக வந்து, படியும் உழக்கும் ஆழாக்கும் வீசையும் பலமும் விடைபெற்றன. இருபத்தைந்து காசுக்கு 'நாலணா' என்னும் பெயர் எஞ்சியிருந்தது. அந்நாணயமும் 2011 சூன் திங்களுடன் செல்லாததாயிற்று.

இம்மாற்றங்கள் வேண்டாதவை என யாரும் கூறார். ஊருக்கு ஓர் அளவு என்றிருந்த குழப்பம் அவற்றால் நீங்கியது. ஆனால் அளவைகளுடன், குழந்தைக்குப் பின்னத்தைக் கையில் எடுத்துக் காட்டிய சொற்களும் போயின. 'அரைக்கால்' என்றால் அரைக்கால் சட்டை என்று மட்டுமே நம் பிள்ளைகள் அறிவர்.

வடநாட்டில் வாழும் நமக்கு ஒரு நல்வாய்ப்பு

இங்கே நம் தெருவில் வரும் காய்கறித் தள்ளுவண்டிக்காரரைக் கேளுங்கள். கால் கிலோ அவருக்குப் 'பாவ்'; முக்கால் கிலோ 'தீன் பாவ்', அதாவது மூன்று கால். நம் 'முக்கால்' என்னும் சொல்லின் அமைப்பும் அதுவே. நூற்றிருபத்தைந்து கிராம் பச்சைமிளகாய் 'ஆதா பாவ்', அதாவது பாதிக் கால். நம் 'அரைக்கால்' எழுத்துக்கு எழுத்து அதுவே. முழு உண்மை என்பதற்கு இந்தியில் 'ஸோலஹ் ஆனே ஸச்' என்பர். பதினாறு அணாவும் உண்மை என்று பொருள். நம் பதினைந்து வீசத் தொடருக்கு இது அண்ணன் முறை.

கழித்தலையும் இவ்விரு மொழிகளின் துணையால் கற்பிக்கலாம். கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். தமிழில் நாம் ஒன்றுடன் முக்காலைக் கூட்டுகிறோம். இந்தி பேசுவோர் 'பௌனே தோ' என்பர். இரண்டுக்குக் கால் குறைவு என்று கழிக்கின்றனர். ஒன்று என்பது நான்கு கால். அதனுடன் மூன்று கால் சேர ஏழு கால். இரண்டு என்பது எட்டுக் கால். அதில் ஒரு கால் போக ஏழு கால். வழிகள் இரண்டு, வந்து சேரும் இடம் ஒன்று. வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் கேட்டு வளரும் குழந்தைக்கு, 4/4 + 3/4 என்பதும் 8/4 - 1/4 என்பதும் 7/4 ஆவது, புத்தகத்தைத் திறக்குமுன்னரே விளங்கிவிடும். ஒரு மொழியே அறிந்த குழந்தைக்கு இவ்வசதி இல்லை. தாயகம் விட்டு வந்ததனால் நம் பிள்ளைகள் இழந்தவற்றையே நாம் பேசி வருகிறோம். பெற்றவற்றுள் இதுவும் ஒன்று.

தமிழ்ப் பின்னக் குறியீடுகள் 2019-இல் கணினி எழுத்துக்கான ஒருங்குறியில் இடம் பெற்றன. குறியீடுகளைக் கணினி காப்பாற்றிவிடும். 'அரைக்கால்' என்று சொல்லிக் கொடுக்க வாய் வேண்டும். அந்த வாய்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துள்ளன. நம் சங்கங்கள் நடத்தும் ஞாயிறு வகுப்புகளில் அரிச்சுவடி முடிந்தபின், கால், அரைக்கால், வீசம் ஆகிய மூன்று சொற்களையேனும் ஒரு காகிதப் பட்டையை மடித்துக் காட்டிக் கற்பிக்கலாம். ஒரு முறை மடித்தால் அரை, மறுமுறை கால், பின்னர் அரைக்கால், நான்காம் மடிப்பில் வீசம். இதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியையோ தாத்தாவையோ ஒரு நாள் வகுப்பில் அமர்த்தினால் போதும்.

என் தாயார் ஊர் திரும்பிவிட்டார். சென்ற வாரம் தொலைபேசியில் என் மகள் அவரிடம், "பாட்டி, அஞ்சு அரைக்காலுக்கு வேற பேர் இருக்கா?" என்று கேட்டாள். "அரையே அரைக்கால்" என்று விடை வந்தது. நான்கு அரைக்கால் சேர்ந்து அரையாயிற்று. எஞ்சியது ஓர் அரைக்கால். குழந்தை அதைத் தன் கணக்கு நோட்டில், 5/8 என்பதற்குப் பக்கத்தில், தமிழில் எழுதி வைத்தாள். 'ரை' எழுதுவதில் மட்டும் சற்றே தடுமாறினாள். எழுதியதில் முக்காலே மூன்று வீசம் சரி.