காட்ஸில்லா யார் வீட்டுப் பிள்ளை?

இந்த எபிசோடு ஆரம்பிச்சது ஒரு லஞ்ச் டேபிள் சண்டையில. எனக்குத் தெரிந்த முதல் காட்ஸில்லா 1998-ல் வந்த ஹாலிவுட் படம். சின்ன வயசுல டிவியில, தமிழ் டப்பிங்ல பார்த்தது. நியூயார்க் தெருவுல அது ஓடுறதும், ஒரு ஸ்டேடியம் முழுக்க முட்டை போட்டு வச்சிருக்கிறதும் இன்னும் கண்ணுல நிக்குது. இதை ஆபீஸ்ல சொன்னப்போ என் டீம் நண்பன் சாப்பாட்டை அப்படியே வச்சுட்டான். "டேய், அது காட்ஸில்லாவே இல்லடா. அது பல்லி. ஜப்பான்காரன் எடுத்தாத்தான் காட்ஸில்லா."

இது அவன் கண்டுபிடிச்ச வாதம் இல்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலா இதையேதான் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. அவனை ஜெயிக்கலாம்னு படிக்க உட்கார்ந்தேன். படிச்சு முடிச்சப்போ ரெண்டு பேருமே தோத்திருந்தோம்.

1954 மார்ச் 1. பசிபிக் பெருங்கடலில், மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி பவளத்தீவு. அமெரிக்கா 'கேஸில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதிக்கிறது. எதிர்பார்த்த சக்தி சுமார் 6 மெகாடன். வெடித்தது 15 மெகாடன். காரணம் எங்க தொழில்ல அடிக்கடி பார்க்கிறதுதான்: ஒரு தப்பான அனுமானம். எரிபொருளில் இருந்த லித்தியம்-7 இந்த வினையில் சும்மா கிடக்கும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். அது சும்மா கிடக்கவில்லை. நாங்க தப்பு பண்ணினா சர்வர் படுக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். இங்கே கணக்கு இரண்டரை மடங்கு தப்பியது, சாம்பல் வானத்திலிருந்து விழுந்தது.

அந்தச் சாம்பல் விழுந்த இடங்களில் ஒன்று 'டைகோ ஃபுகுர்யு மாரு' என்ற ஜப்பானிய சூரை மீன் படகு. பெயருக்கு அர்த்தம், ஐந்தாம் எண் அதிர்ஷ்ட டிராகன். படகில் 23 பேர். அமெரிக்கா அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியேதான் அவர்கள் இருந்தார்கள். ஆனால் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர், படகு எல்லைக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார். அவர் பெயர் லூயிஸ் ஸ்ட்ராஸ். 'ஓப்பன்ஹைமர்' படத்தில் ராபர்ட் டௌனி ஜூனியர் நடிச்சாரே, அதே ஆள்தான். படகு யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியது. மீனில் கதிர்வீச்சு இருப்பது தெரிந்து நாடு முழுக்க மீன் சந்தை கலங்கிப்போனது. செப்டம்பர் 23-ந் தேதி அந்தப் படகின் ரேடியோ ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா இறந்தார்.

அவர் இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 3-ந் தேதி ஜப்பான் முழுக்க 'கொஜிரா' ரிலீஸ். படத்தின் முதல் காட்சியிலேயே கடலில் ஒரு வெளிச்சம், ஒரு கப்பல் எரிகிறது. அரங்கில் இருந்தவங்களுக்கு அது எந்தப் படகு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரயிலில் ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பி வந்தவள், கதிர்வீச்சு மீன் ஒரு பக்கம், இப்போ இந்த மிருகம் வேறயா என்று அலுத்துக்கொள்கிறாள். இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து ராணுவத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அழிந்த ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். இன்னொரு விஷயம்: ஜப்பானை அமெரிக்கா ஆக்கிரமித்திருந்த காலத்தில், அதாவது 1952 வரை, அணுகுண்டைப் பற்றிப் பேசுவதற்கே தணிக்கை இருந்தது. வாயைத் திறக்க அனுமதி கிடைத்து இரண்டே வருஷத்தில் வந்த படம் இது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு பார்த்தா, ரப்பர் உடை போட்ட ஆள் பொம்மை வீடுகளை மிதிக்கிறது சிரிப்பா தெரியாது.

அப்போ என் நண்பன் சொன்னது சரிதானே? இது ஜப்பானின் சொந்தப் பிள்ளைதானே? பாதி சரி. 1952-ல் 'கிங் காங்' மறுபடி திரைக்கு வந்து வசூலை அள்ளியது. 1953-ல் அணுச் சோதனையால் கண்விழித்த ஒரு பழங்கால விலங்கு நியூயார்க்கைத் தாக்கும் அமெரிக்கப் படம் வந்தது. தோஹோ நிறுவனம் தன் படத்துக்கு வைத்த முதல் தற்காலிகத் தலைப்பே அந்த அமெரிக்கப் படத் தலைப்பை உரசிக்கொண்டு போகும். ஹாலிவுட்டிலிருந்து கடன் வாங்கிய ஓட்டுக்குள் ஜப்பானின் துக்கத்தை வைத்தார்கள். இதில் 'அசல்' எங்கே ஆரம்பிக்குதுன்னு கோடு போடுறது கஷ்டம்.

1956-ல் படம் அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே அதை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்கப் பத்திரிகையாளராக நுழைத்து, அவர் கண் வழியாகக் கதை நகர்வதுபோல் மாற்றினார்கள். நாகசாகிப் பெண் பேசுவது காணோம். சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொஜிரா வரலாம் என்று கடைசியில் விஞ்ஞானி யமானே சொல்லும் எச்சரிக்கையும் காணோம். வெட்டாத மூலப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வந்தது 2004-ல்தான். அதுவரை அரை நூற்றாண்டு, பெரும்பாலான அமெரிக்க ரசிகர்களுக்கு காட்ஸில்லா என்றால் குண்டு யாருடையது என்ற கேள்வி இல்லாத ஒரு ஜாலியான மிருகம்.

அந்தக் கேள்வியோட என் 1998 படத்துக்கு வாங்க. ரோலண்ட் எம்மரிக் இயக்கம். அதில் காட்ஸில்லா உருவாகக் காரணம் பிரான்ஸ். பிரெஞ்சு பாலினேசியாவில் நடந்த சோதனைகள் ஒரு உடும்பு இனத்தை மாற்றிவிட்டன என்று கதை. முழுப் பொய்னு சொல்ல முடியாது, பிரான்ஸ் 1966 முதல் 1996 வரை அங்கே குண்டு வெடித்தது. ஆனால் மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை 67 அணுச் சோதனை நடத்திய நாடு எடுத்த படத்தில், பில் வேறொருத்தர் டேபிளுக்குப் போகுது! சின்னப் பையனா இருந்தப்போ எனக்கு இது உறைக்கவே இல்லை.

ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் உருவத்தைப் பற்றித்தான் இருந்தது. வாயிலிருந்து அணுக்கதிர் எங்கே, ஏன் ஓடி ஒளியுது, ஏவுகணையில எப்படிச் சாகும்? 'பேருக்கு மட்டும் காட்ஸில்லா' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் 'கினோ' என்று ஒரு பட்டப்பெயரே வைத்தார்கள். பல படங்களில் காட்ஸில்லா உடைக்குள் இருந்து நடித்த கென்பாச்சிரோ சத்சுமா, டோக்கியோவில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார். தோஹோவும் விடவில்லை. அடுத்த வருஷமே சொந்தமாகப் படம் எடுத்தது. 2001-ல் வந்த படத்தில், நியூயார்க்கைத் தாக்கியதை அமெரிக்கர்கள் காட்ஸில்லா என்கிறார்கள், நம் நிபுணர்களுக்குச் சந்தேகம் என்று ஒரு கிண்டல் வைத்தது. 2004-ல் அந்த அமெரிக்க உருவத்துக்கு 'ஸில்லா' என்று பெயர் சூட்டி, சிட்னியில் அசல் காட்ஸில்லாவிடம் சில நொடிகளில் சாகடித்தது. 'காட்' என்கிற கடவுளை உருவிட்டாங்க. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் ரீபூட்டை இவ்வளவு ரசிச்சுப் பழிவாங்கி நான் பார்த்ததில்லை.

2014-ல் ஹாலிவுட் மறுபடி முயன்றது. ஜப்பானிய ரசிகர்கள் சிலர் இந்தத் தடவை ரொம்பக் குண்டா இருக்குன்னு கேலி பண்ணினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. இந்தப் படத்தின்படி 1954-ல் பிகினியில் நடந்தது சோதனையே இல்லை, மிருகத்தைக் கொல்ல எடுத்த முயற்சி. ஹிரோஷிமாவில் 8:15-க்கு நின்றுபோன ஒரு பாக்கெட் கடிகாரத்தை கென் வாட்டனபே அமெரிக்க அதிகாரியிடம் காட்டும் காட்சி ஒன்று இருக்கு, நல்ல காட்சி. ஆனா மொத்தக் கதை 'கேஸில் பிராவோ'வுக்கு ஒரு நியாயம் கண்டுபிடிச்சுக் கொடுக்குது.

ஜப்பானின் பதில்கள் இதைவிடக் கூர்மை. 2016-ன் 'ஷின் காட்ஸில்லா', 2011 சுனாமிக்கும் ஃபுகுஷிமாவுக்கும் பிறகு வந்தது. மிருகம் ஊரை அழிக்கும்போது மந்திரிகள் ஒரு மீட்டிங்கிலிருந்து இன்னொரு மீட்டிங்குக்குப் போகிறார்கள். எந்த ஐடி ஊழியருக்கும் அது ஹாரர் படம்தான். 2023-ன் 'மைனஸ் ஒன்' போர் முடிந்த ஜப்பானில் நடக்கிறது. 1946 பிகினி சோதனைதான் மிருகத்தை வளர்த்தது என்று அடக்கமாகச் சொல்கிறது. ஆனால் கோபம் முழுக்கத் தன் நாட்டின் மேலேயே: சோறும் மருந்தும் இல்லாமல் வீரர்களை அனுப்பியது, தப்பிக்கும் இருக்கை இல்லாத விமானம் கொடுத்தது, மனித உயிரை மலிவாக எண்ணியது. சுமார் 35 பேர் கொண்ட குழு செய்த கிராஃபிக்ஸுக்கு 2024-ல் ஆஸ்கர் கிடைத்தது. அதோட என் நண்பன் கட்சி ரசிகர்கள் கேஸை முடிச்சுட்டாங்க. பாத்தியா, ஜப்பான் படம்தான் காட்ஸில்லா.

நானும் 'மைனஸ் ஒன்'னைக் கொண்டாடி முன்னாடி ஒரு எபிசோடில் பேசினேன். அதைக் கேட்ட மலேசிய நேயர் ஒருத்தர், வயதில் பெரியவர், ஒரு மெயில் போட்டார். "தம்பி, படம் பார்த்து நானும் அழுதேன். ஆனா எங்க தாத்தாவை எஸ்டேட்ல இருந்து சயாம் ரயில் வேலைக்குக் கூட்டிட்டுப் போன பட்டாளமும் அதே பட்டாளம்தானே. அவங்க உயிர் மலிவுன்னு அந்தப் படத்துல யாராச்சும் சொல்றாங்களா?"

பதில் எழுத எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. 1942-43-ல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் வேலை செய்ய, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருங்கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பல்லாயிரம் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே செத்தார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் போட்ட ஒரு கல் கிடையாது. 'மைனஸ் ஒன்' அழுவது அந்தப் பட்டாளத்தின் சொந்த வீரர்களுக்காக. அந்த அழுகை உண்மையானது. சுவரோட அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கலை, அவ்வளவுதான்.

இதுக்கப்புறம்தான் முன்னாடி படிச்சுத் தாண்டிப்போன ஒரு தகவலுக்குத் திரும்பிப் போனேன். 1954-ல் தயாரிப்பாளர் தோமோயுகி தனாகா எடுக்க நினைத்தது கொஜிரா அல்ல. இந்தோனேசியாவோடு சேர்ந்து ஒரு படம். போர்க்காலத்தில் ஜப்பான் ஆக்கிரமித்திருந்த நாடு அது, ஜப்பான் மேல் கசப்பு ஆறவில்லை. படக்குழுவுக்கு விசா மறுக்கப்பட்டது. ஜகார்த்தாவிலிருந்து வெறுங்கையோடு விமானத்தில் திரும்பும் வழியில், கடலைப் பார்த்துக்கொண்டு அவர் யோசித்ததுதான் இந்த மிருகம். ஆசியா கதவைச் சாத்தியதால் பிறந்த பிள்ளை! எழுபது வருஷப் படங்களில் இந்தக் கதவைத் தட்டிப் பார்த்தது, நான் பார்த்த வரையில், ஷூசுகே கனேகோவின் 2001 படம் ஒன்றுதான். அதில் காட்ஸில்லாவுக்குள் இருப்பது பசிபிக் போரில் பலியானவர்களின் ஆவிகள். அவை ஏன் ஜப்பானைத் தாக்க வேண்டும் என்று கேட்டால், ஜப்பான் அவர்களின் அலறலை மறந்துவிட்டது என்று ஒரு முதியவர் சொல்கிறார். மேலே அமெரிக்காவைக் கிண்டல் பண்ணினதும் இதே படம்தான். மெயில் போட்ட அம்மாவுக்கு இந்தப் படத்தைச் சொன்னேன். "பார்க்கிறேன் தம்பி"ன்னு பதில் வந்தது.

இன்னொரு கூட்டம் எந்தப் படத்திலும் இல்லை. பிராவோ குண்டின் சாம்பல் படகு மேல் மட்டும் விழவில்லை. ரொங்கெலாப் என்ற பவளத்தீவில் மார்ஷல் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சாம்பல் விழுந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். 1957-ல் திரும்பிப் போகலாம் என்றது அமெரிக்கா. போனார்கள். உடம்பு கெட்டது, தைராய்டு கட்டிகள் வந்தன. 1985 மே மாதம், இனி அரசை நம்ப முடியாது என்று தீவையே காலி செய்தார்கள். வீட்டுப் பலகைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு பலமுறை போய்வந்தது கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்' கப்பல்.

அதே கப்பல் அடுத்து பிரெஞ்சுச் சோதனைகளை எதிர்க்கப் புறப்படத் தயாராக நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் நின்றது. ஜூலை 10-ந் தேதி இரவு பிரெஞ்சு உளவுத்துறை அதைக் குண்டு வைத்து மூழ்கடித்தது. ஒரு புகைப்படக்காரர் இறந்தார். பதின்மூன்று வருஷம் கழித்து நான் டிவியில பார்த்த அந்தப் படத்தில, தன் நாட்டோட தப்பைச் சரிசெய்ய நியூயார்க் வர்ற நல்லவர், ஜான் ரெனோ நடிச்ச பாத்திரம், யார்னு ஞாபகம் இருக்கா? ஒரு பிரெஞ்சு உளவாளி.